முதல் கைதட்டு

ஒரு நாட்டின் பெருமையை அதன் மலைகளிலும் ஆறுகளிலும் தேடுகிறவர்கள் விவரம் போதாதவர்கள். அது தலைவர்களின் தொண்டையில் இருக்கிறது. ஆண்டவன் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு தொண்டை கொடுத்தான். தலைவருக்கும் ஒன்றுதான் கொடுத்தான், ஓரவஞ்சனை செய்யவில்லை. தலைவர்தான் சொந்த உழைப்பால் முன்னேறி அதை இரண்டாக்கிக்கொண்டார். ஒன்று மைதானத்துக்கு. இன்னொன்று டிவிக்கு.

மைதானத் தொண்டை இடி மாதிரி. "நான்" என்று ஆரம்பிக்கும், "பார்த்துவிடுகிறேன்" என்று முடிக்கும். நடுவில் நெஞ்சைத் தட்டும். டிவித் தொண்டை பஞ்சு மாதிரி. அதற்கு "நான்" என்ற சொல்லே தெரியாது. "பரிசீலிக்கப்படும்", "உரிய நேரத்தில் உரிய நடவடிக்கை", "அனைத்துத் தரப்பினரின் நலன் கருதி" என்று மருந்துக் கடைக்காரர் பொட்டலம் மடிப்பதுபோல ஒவ்வொரு சொல்லையும் மடித்து மடித்துக் கொடுக்கும். உள்ளே என்ன மாத்திரை என்று வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த இரண்டு தொண்டைக்கும் நடுவில், மேடைக்குக் கீழே, ஒரு தகர மேஜை போட்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் மைக் செட்காரர்.

மைக் செட்காரருக்கு முப்பத்தோரு வருஷத் தொழில். பிறவியிலேயே சந்தேகப் பேர்வழி. நாற்காலியில் உட்காரும் முன் அதன் நாலு காலையும் ஆட்டிப் பார்ப்பார். ஒரு கடிகாரத்தில் மணி பார்த்துவிட்டு, அது சரிதானா என்று இன்னொரு கடிகாரத்திலும் பார்ப்பார். வீட்டுக்காரி "குழம்புக்கு உப்புப் போட்டாச்சு" என்றால் தொட்டு நாக்கில் வைத்த பிறகுதான் நம்புவார். அவர் முழுசாக நம்பியது ஒயரை மட்டும்தான்.

"ஒயர்ல இந்தப் பக்கம் விட்டது அந்தப் பக்கம் வரும். விடாதது வராது. மனுஷன் அப்படியா?" என்பார்.

இவ்வளவு உஷாரான மனிதர் தலைவரின் பேச்சை மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. "பேச்சைக் கேக்கறது என் வேலை இல்ல. மைக் ஊளை விடாம பாத்துக்கறதுதான் என் வேலை" என்பது அவர் கொள்கை. ராசியில் மட்டும் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. முதன்முதலில் வாங்கிய ஆம்ப்ளிஃபையரைப் பிரித்துப் பூட்டியபோது இரண்டு வாஷர் மிஞ்சிவிட்டது. அது இல்லாமலே ஆம்ப்ளிஃபையர் நன்றாகப் பாடியது. அந்த இரண்டையும் கைக்கு ஒன்றாக மோதிரம்போலப் போட்டுக்கொண்டார். பிறகு கழற்றவே இல்லை.

அப்போதுதான் கட்சிக்கு ஓர் ஆலோசகர் வந்து சேர்ந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். "தோற்றம் மற்றும் தொனி ஆலோசகர்" என்று பதவி. அவர் வந்த மறு வாரமே கட்சி அலுவலக மாடியில் "தொனி ஒருங்கிணைப்புக் கூட்டம்" நடந்தது. வந்திருந்தவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் மின்விசிறி ரிப்பேருக்கு வந்தவர்.

ஆலோசகர் எழுந்து நின்று அறிவித்தார்: "மைதானத்துக்கு வர்றவங்க டிவி பாக்க மாட்டாங்க. டிவி பாக்கறவங்க மைதானத்துக்கு வர மாட்டாங்க. இந்த ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் சந்திக்கறதே இல்ல. ஆறு மாசம் ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருக்கோம்."

மைக் செட்காரருக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. "எங்க வீட்டுல சந்திக்கிறாங்களே. நான் மைதானம். என் வீட்டுக்காரி டிவி."

"சந்திச்சு என்ன ஐயா பேசிக்குவீங்க?"

மைக் செட்காரர் மோவாயைத் தடவி யோசித்தார். "ஒண்ணும் பேசிக்கறதில்ல."

"அதைத்தான் சொல்றேன்" என்று ஆலோசகர் அதையும் போனில் குறித்துக்கொண்டார்.

அன்றைக்கு எடுத்த முடிவுகள் சரித்திரத்தில் நிற்க வேண்டியவை. கேமராவை எப்போதும் தலைவரின் வலது பக்கத்தில் மட்டும் வைப்பது. ஆகவே தலைவரின் சட்டையில் வலது கை இஸ்திரி போட்டு, மணிக்கட்டில் பொத்தான் போட்டு, கனவான் மாதிரி இருக்கும். இடது கை முழங்கைக்கு மேலே சுருட்டி, சண்டைக்குப் போகிறவன் மாதிரி இருக்கும். தலைமுடி வலது பக்கம் வாரியிருக்கும், இடது பக்கம் கலைந்திருக்கும். அழ வேண்டிய இடம் வந்தால் இடது கண்ணால் மட்டும் அழுவது. இதற்குத் தலைவர் மூன்று மாதம் பயிற்சி எடுத்தார். நாட்டுக்காக மனிதர்கள் எப்படியெல்லாம் வருத்திக்கொள்கிறார்கள் பாருங்கள்.

மைக் செட்காரருக்கும் பொறுப்பு வந்தது. பேச்சு மேடையில் தலைவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிறமாதிரி ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. அது எரிந்தால் டிவி நேரடியாகக் காட்டுகிறது என்று அர்த்தம். விளக்கு எரிந்ததும் தலைவர் பஞ்சுத் தொண்டைக்கு மாற வேண்டும். மைக் செட்காரர் மைதானத்துக்குப் போகும் சத்தத்தை முழுசாக இறக்கிவிட்டு, கொட்டுமேள கேசட்டைப் போட வேண்டும். டிவிக்குப் போகும் ஒயர் தனி; அதில் தலைவர் பேச்சு போய்க்கொண்டிருக்கும். மைதானத்தில் மேளம் கேட்கும். தலைவர் இளைப்பாறுகிறார் என்று ஜனம் நினைத்துக்கொண்டு காலை நீட்டும், தண்ணீர் குடிக்கும்.

"முன் வரிசைக்காரங்களுக்குக் கேக்குமே?" என்றார் மைக் செட்காரர்.

"காதுல விழும். ஆனா கேக்காது. அப்படிப்பட்டவங்களாப் பாத்துத்தான் முன் வரிசை குடுக்கறோம்" என்றார் ஆலோசகர்.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. நேரடி ஒளிபரப்பு முடிகிறபோது டிவியில் கைதட்டல் கேட்க வேண்டும். மேளத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிற கூட்டம் எதற்குத் தட்டும்?

"கூட்டம்கறது ஈர விறகு ஐயா. தானாப் பத்தாது. யாராவது ஒருத்தர் முதல்ல தட்டணும்."

நாலு பேரையும் தட்டச் சொல்லிக் கேட்டார் ஆலோசகர். மின்விசிறிக்காரர் தட்டியது சவசவ என்றிருந்தது. மைக் செட்காரர் தட்டியபோது இரண்டு வாஷரும் மோதி, 'பட்'டோடு ஒரு 'டிக்' சேர்ந்து வந்தது. ஆலோசகர் கண்ணை மூடிக்கொண்டார். "இதுதான். இதுதான் தெளிவான குடிமகன் சத்தம்!" மைக் செட்காரரின் மேஜையில் இதற்கென்றே ஒரு குட்டி மைக் வைத்தார்கள். மேடை ஓரத்திலிருந்து ஆலோசகர் மஞ்சள் கர்ச்சீப்பைத் தூக்கினால், மைக் செட்காரர் அதில் இரண்டு தட்டு தட்டுவார். ஒலிபெருக்கிக் குழாய்கள் அதை மைதானம் முழுக்கக் கொண்டுபோகும். மூவாயிரம் பேரும், நமக்குத்தான் ஏதோ விட்டுப்போச்சு என்று அவசரமாகத் தட்டுவார்கள்.

இப்படி நூற்றுச் சொச்சம் கூட்டம் நடந்தது. கர்ச்சீப்பைப் பார்த்தால் கை தட்டும். இடையில் மூளைக்கு வேலை இல்லை. ஒருநாள் வீட்டு மாடியில் அவர் வீட்டுக்காரி ஒரு மஞ்சள் துண்டை உதறிக் கொடியில் போட்டாள். உள்ளே உட்கார்ந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்த மனிதர் பட்-டிக், பட்-டிக் என்று தட்டினார்.

"என்னத்துக்குங்க தட்டுறீங்க?"

"கொசு" என்றார்.

இந்த நேரத்தில்தான் அவர்கள் தெருவுக்கு ஆபத்து வந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் முப்பத்திரண்டு வீடு உள்ள தெரு. எல்லாம் கீழே கடை, மேலே குடித்தனம். மைக் செட்காரர் வீட்டில் கீழே பெட்டியும் குழாயும் அடுக்கியிருக்கும். மேலே இரண்டு அறை. நாற்பது வருஷம் அங்கேதான் குடித்தனம். போன வருஷம்தான் வீட்டுக்காரி அடம்பிடித்து வாசல் கதவுக்கு நீலப் பெயின்ட் அடிக்க வைத்தாள். பக்கத்துக் கடை அவள் தம்பியுடையது. தையல்காரர். அந்தத் தெருவை எடுத்துவிட்டால் பெரிய ரோட்டுக் கார்கள் வளையாமல் நேராகப் போகலாம் என்று யாரோ ஒரு பென்சிலை வைத்துக் கோடு போட்டுவிட்டார்கள்.

தெரு கொந்தளித்தது. தலைவர் மைதானத்தில் கூட்டம் போட்டார். தெரு முழுக்க லாரியில் ஏறிப் போனது. தலைவர் சுருட்டிய கையை உயர்த்தி இடித்தார்: "உங்கள் தெருவின் ஒரு செங்கல்லை எவனாவது தொட வந்தால், முதலில் இந்த நெஞ்சைத் தொடட்டும்! என் பிணத்தின் மேல்தான் இயந்திரம் போகும்!" இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. தையல்காரர் முன் வரிசையில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதார். பிறகு சிவப்பு விளக்கு. மேளம். மைக் செட்காரர் டீ குடித்தார். மஞ்சள் கர்ச்சீப். பட்-டிக், பட்-டிக். எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார்கள்.

வீட்டில் அவருடைய வீட்டுக்காரி பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற?"

"காலி பண்றேன். சீக்கிரமே இடிக்கிறாங்களாமே."

"யாரு சொன்னது?"

"உங்க தலைவருதான். டிவில இப்பத்தான் சொன்னாரு. 'போக்குவரத்து நலன் கருதி மேற்படி தெரு அப்புறப்படுத்தப்படும்'னு."

"உனக்குக் காது போச்சு. ஒரு செங்கல்லைத் தொட விட மாட்டேன்னு சொன்னாரு. நெஞ்சைத் தொட்டு, பிணம் வரைக்கும் போய்ட்டாரு."

"எனக்கா காது போச்சு? ஊரு பூரா குழாய் கட்டுறீங்க, நான் பக்கத்துல இருந்து கூப்பிட்டாக் கேக்க மாட்டேங்குது!"

சத்தம் கேட்டுத் தையல்காரர் ஊசியும் நூலுமாக ஓடிவந்தார். "அக்கா, மாமா சொல்றது நெசம். நான் என் கண்ணால பாத்தேன். தலைவர் அழுதாரு."

"நீ பேசாதடா! அவரு இடிக்கணும்னு சொல்றாரு, நீ முன் வரிசையில பல்லைக் காட்டிக்கிட்டுக் கை தட்டுற. நல்லாத் தெரிஞ்சுது. புதுச் சட்டை வேற."

தையல்காரர் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "டிவிக்காரன் வெட்டி ஒட்டியிருப்பான்க்கா."

"ஒட்டறதுக்கு அது என்ன உன் காஜாப் பட்டியா?"

சிவப்பு விளக்கு, இறக்கிவிட்ட சத்தம், மேளம், டீ எல்லாம் மைக் செட்காரருக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட மனிதர், தம் கையால் தினமும் திருகுவதை மட்டும் சந்தேகப்படாமல் விட்டிருந்தார்.

மூன்றாம் நாள் நோட்டீஸ் வந்தது. தெரு ஆண்கள் அசரவில்லை. "இது அதிகாரிங்க வேலை. தலைவருக்குத் தெரிஞ்சா கிழிச்சுப் போட்டுருவாரு" என்றார்கள். மைக் செட்காரர் மச்சினனை இழுத்துக்கொண்டு, நோட்டீஸ் அனுப்பிய அரசு அலுவலகத்துக்குப் போனார். "மக்கள் கருத்துப் பதிவு அலுவலர்" என்று பலகை. அந்த அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கோப்பைப் பிரித்தார்.

"தெருவாசிகள் கருத்து, கைதட்டல். ஒன்பது விநாடி. ரொம்ப நல்ல கருத்து."

"சார், எங்களுக்கு அந்தப் பேச்சே காதுல விழல. மேளச் சத்தம்தான் கேட்டுது" என்றார் மைக் செட்காரர்.

அதிகாரி பிரமித்துப்போனார். "காதுல விழாமலேயே இவ்வளவு ஆதரவா! விழுந்திருந்தா?" என்று ஓரத்தில் எழுதிக்கொண்டார். பிறகு பதிவைப் போட்டுக் காட்டினார். பஞ்சுத் தொண்டையில் தலைவர் தெருவை அப்புறப்படுத்திக்கொண்டிருந்தார்.

தையல்காரர் திரைக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தார். தொழில் கண். "இது தலைவரே இல்ல சார். தலைவர் சட்டைக் கையை மடிச்சிருப்பாரு. இந்த ஆளு பொத்தான் போட்டிருக்கான். வேற யாரையோ நிக்க வெச்சிருக்காங்க."

"மனு குடுத்தா எடுத்துக்குவீங்களா?" என்றார் மைக் செட்காரர்.

"மனு காகிதம். கைதட்டல் மக்கள் குரல். காகிதத்தை வெச்சு மக்கள் குரலை நசுக்க முடியாது பாருங்க." அதிகாரி இரக்கப்பட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. அறிவிப்பு ரெண்டு தடவை வரணும்னு விதி. வர்ற வெள்ளிக்கிழமை அதே மைதானத்துல ரெண்டாவது அறிவிப்பு. அப்ப கூட்டம் 'வேண்டாம்'னு கத்தி, அது டிவியில ஒன்பது விநாடிக்கு மேல பதிவாச்சுன்னா, இந்தக் கோப்பைக் கட்டி அந்த அலமாரி மேல வெச்சிருவோம். அங்க போன கோப்பு இறங்கி வந்ததாச் சரித்திரமே இல்ல."

வெளியே வந்ததும் மைக் செட்காரர் மச்சினனிடம் சொன்னார்: "மாப்ள, வெள்ளிக்கிழமை விளக்கு எரியறப்ப நான் சத்தத்தை இறக்கப் போறதில்ல. மேளமும் கிடையாது. மைதானம் பூராவும் அவரு வாயாலயே கேக்கட்டும்."

"அது அவரா இருந்தாத்தான மாமா."

"உன் கண்ணு முன்னாடிதான நிப்பாரு. சட்டையை நல்லாப் பாத்துக்க."

வீட்டுக்காரி மட்டும் திருப்தியில்லாமல் தலையை ஆட்டினாள். "கேக்க விட்டா மட்டும் போதுமாங்க? இன்னின்ன நேரத்துல கத்துங்கன்னு தெருவுல சொல்லி வைக்க வேண்டாமா?"

"தெருவுல சொன்னா பத்து நிமிஷத்துல மேடைக்குப் போய்ச் சேர்ந்துடும். எவனையும் நம்பறதுக்கில்ல. காதுல விழுந்தா வாய் தானாத் திறக்கும்."

"என்னமோ போங்க. நான் டிவி முன்னாடி உக்காந்திருப்பேன். நீங்க கத்தறது எனக்கு இங்க கேக்கணும்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. மைதானம் நிறைந்திருந்தது. மைக் செட்காரர் வழக்கமான பன்னிரண்டு குழாய்க்கு மேல் இரண்டு குழாய் கூடுதலாகக் கட்டியிருந்தார். பாதிச் சட்டை கனவானாகவும் பாதிச் சட்டை சண்டியராகவும் தலைவர் வந்து நின்றார். வழக்கப்படி இடித்தார். செங்கல், நெஞ்சு, பிணம். இந்தத் தடவை பிணத்தின் மேல் இரண்டு இயந்திரம் போயிற்று. கூட்டம் குலுங்கியது.

சிவப்பு விளக்கு எரிந்தது.

தலைவரின் முகம் வழவழப்பானது. உடம்பு கால் வட்டம் வலது பக்கம் திரும்பியது. மைக் செட்காரர் சத்தத் திருகின் மேல் கையை வைத்தார். இறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

"அனைத்துத் தரப்பினரின் நலன் கருதி," என்றது பஞ்சுத் தொண்டை, பதினான்கு குழாயிலும்.

தலைவர் திடுக்கிட்டார். அவருடைய டிவிக் குரலை வெட்டவெளியில் அவரே அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறார். ஆனால் விளக்கு எரிகிறது, நிறுத்த முடியாது. "பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் உள்ள மேற்படி தெருவானது, போக்குவரத்து வசதியை முன்னிட்டு, வரும் திங்கட்கிழமை முதல் அப்புறப்படுத்தப்படும் என்பதை…"

'படும், படும், படும்' என்று எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

மைதானத்தில் ஒரு பூச்சி பறந்தால் கேட்கும். தண்ணீர் குடிக்கக் கிளம்பியவர்கள் அப்படியே நின்றார்கள். தையல்காரர் மெல்ல எழுந்தார். தலைவரின் இடது கையைப் பார்த்தார், சுருட்டியிருந்தது. எட்டி வலது கையைப் பார்த்தார்; பொத்தான் போட்டிருந்தது. இரண்டும் ஒரே உடம்பில் தைத்திருந்தது. தையல்காரருக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

"அடப்பாவி…" என்றார்.

முன் வரிசையிலேயே ஒருவருக்குக் காது கேட்டுவிட்டது. அது பின் வரிசைக்குப் பரவியது. மூவாயிரம் பேர் ஒரே மூச்சாக மூச்சை உள்ளே இழுத்தார்கள். அது வெளியே வர வேண்டியதுதான் பாக்கி. முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக மைக் செட்காரர் ஒரு கூட்டத்தை நிமிர்ந்து பார்த்தார்.

மேடை ஓரத்தில் ஆலோசகர் போனைக் கீழே போட்டுவிட்டார். என்ன செய்வதென்று தெரியவில்லை. பாவம், அவர் படித்த படிப்பில் இதற்குப் பாடம் இல்லை. தெரிந்தது ஒன்றுதான். சட்டைப் பையில் கைவிட்டு மஞ்சள் கர்ச்சீப்பை உருவித் தலைக்கு மேலே தூக்கினார்.

பட்-டிக். பட்-டிக்.

பதினான்கு குழாயிலும் சுத்தமாகக் கேட்டது. உள்ளே இழுத்த மூச்சு அப்படியே நின்றது. வாய் பாதி திறந்திருந்தது. ஆனால் கைகள் பழகியவை. ஒரு வரிசை தட்டியது. அடுத்த வரிசை தட்டியது. கடைசியில் தையல்காரரும் "அடப்பாவி, அடப்பாவி" என்று சொல்லிக்கொண்டே தட்டினார். பதினொரு விநாடி.

"எந்த நாய்டா அது முதல்ல தட்டுனது?" என்று மைக் செட்காரர் மேஜை மேல் ஏறி நின்று கத்தினார். கைதட்டல் சத்தத்தில் அவர் கத்தியது அவருக்கே கேட்கவில்லை.

அன்றைக்கே தெருவில் விசாரணை கூடியது. எல்லோரும் எல்லோரையும் குற்றம் சாட்டினார்கள். "நான் உன்னைப் பாத்துத்தான் தட்டினேன்." "நான் இவனைப் பாத்து." "எனக்குக் குழாய்லதான் கேட்டுது." குழாய் என்றதும் எல்லோரும் குழாயைத் திட்டினார்கள்.

மைக் செட்காரர் பொருமிக்கொண்டு வீட்டுப் படி ஏறினார். வீட்டுக்காரி டிவியை அணைத்துவிட்டு, நீலக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"முதல்ல தட்டுனவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும். கையை முறிச்சுப் போட்டுருவேன்" என்றார்.

"முறிங்க" என்றாள் அவள். "எதை முதல்ல முறிக்கிறீங்க? வலதா, இடதா?"

"என்னடி உளர்ற?" என்றார்.

"நாற்பது வருஷமா இந்தக் கை எனக்குத் தெரியாதா? டிக்குன்னு கேட்டுச்சுங்க. மூவாயிரம் பேருக்கு முன்னாடி தனியாக் கேட்டுச்சு."

மைக் செட்காரர் தம் இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தார். யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமான் மாதிரி இருந்தது. வாசலிலேயே உட்கார்ந்து, சோப்பு போட்டு, தோல் உரிய உரிய அந்த இரண்டு வாஷரையும் கழற்றிச் சாக்கடையில் எறிந்தார். அவள் சாக்கைத் திரும்பவும் எடுத்துப் பாத்திரத்தைக் கட்ட ஆரம்பித்தாள்.

நாட்டுக்கு இதனால் பெரிய நன்மை விளைந்தது. நேருக்கு நேர் சொன்னாலும் ஜனம் தட்டுகிறது என்று தெரிந்ததும், தலைவர் இரட்டைப் பேச்சை அடியோடு விட்டுவிட்டார். சிவப்பு விளக்கைக் கழற்றினார்கள். சட்டையில் இரண்டு கைக்கும் பொத்தான் வந்தது. இப்போது அவர் மைதானத்திலும் டிவியிலும் ஒன்றையே சொல்கிறார். "ஒளிவு மறைவு இல்லாத தலைவர்" என்று சேனல்கள் புகழ்கின்றன. ஒரு தனி மனிதரின் துணிச்சலால் அரசியலில் நேர்மை பிறந்தது என்றால், அந்தப் புண்ணியம் மைக் செட்காரரைத்தான் சேரும்.

திங்கட்கிழமை காலை தெரு முனையில் "தொடக்க விழா". சின்ன மேடை. மேடைக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் இடிக்கிற இயந்திரம். மைக் செட்காரர் செட் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் வெளியாள் கட்டியிருந்தார். தெரு ஜனம் மூட்டைகளை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நின்றது. மைக் செட்காரர் தம் வீட்டு வாசலில் நின்று, நீலக் கதவின் நிலையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஆலோசகர் அவரைப் பார்த்துவிட்டு மரியாதையாக இறங்கி வந்தார். "ஐயா, தலைவர் உங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசப் போறாரு. 'முதல் ஆதரவு தெரிவித்த குடிமகன்'னு பட்டயம் ரெடியா இருக்கு."

"உன் பட்டயத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடு. இனிமே நீ கர்ச்சீப்ப இல்ல, வேட்டியவே அவுத்துத் தூக்கினாலும் இந்தக் கை தட்டாது."

ஆலோசகருக்குக் கோபமே வரவில்லை. அவர் ரொம்பப் பக்குவமானவர். "நீங்க எதுக்கய்யா சிரமப்படணும்? வயசான காலத்துல," என்றபடி போனை எடுத்து எதையோ தொட்டார். "வெள்ளிக்கிழமை கூட்டம் பூரா பதிவு பண்ணியாச்சு. உங்க கை எங்ககிட்டயே இருக்கு."

மேடையில் தலைவர் இரண்டு கையையும் தூக்கினார். இயந்திரம் தன் கையைத் தூக்கியது.

குழாயில் பட்-டிக், பட்-டிக் என்று கேட்டது.

மூட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தெரு முழுக்கத் தட்டியது.